விட்டுப்போன ஓர் எழுத்து

வராந்தாவில் காப்பி ஊற்றிவிட்டு, துணி துவைக்கும் கொல்லைக்கு டார்கஸ் வாயை இறுக மூடிக்கொண்டு ஓடி வருகிறாள். அமெரிக்கத் தெற்கு மாநிலமான ஜார்ஜியாவின் காலை வெயில், காயும் வெள்ளை விரிப்புகளில் பட்டுக் கண்ணைப் பறிக்கிறது. வண்டியோட்டி ஐசம் துணி வேகும் கொப்பரைக்கு அடியில் விறகு தள்ளுகிறான். அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். அடிமைக்கு எழுத்து கூடாது; அது துரைக்குத் தெரிந்தால் முதுகில் தோல் மிஞ்சாது. "என்னக்கா, வாயில கொழுக்கட்டையா?" "பேச்சுக் குடுக்காதே, மறந்துரும். வடக்கத்தியான் தேர்தல்ல ஜெயிச்சுட்டானாம், சண்டை வருமாம். அதுக்குள்ள நாலு அடிமையை வித்துரணும்கிறார் துரை. 'டார்கஸ் மக மிமா?'ன்னு கேட்டார். துரையம்மா என்னை ஓரக்கண்ணால பார்த்துட்டு, எனக்குப் புரியக்கூடாதுன்னு எழுத்தெழுத்தாச் சொன்னா. எஸ்." ஐசமின் கை நின்றுவிடுகிறது. விற்பதற்கான 'செல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுதான் முதலெழுத்து. "அப்புறம்?" "டி. ஏ. அவ்வளவுதான்." "அப்படி ஒரு சொல்லே இல்லையே!" "நான் என்னத்தைக் கண்டேன்? கடைசியில 'ஒய்'னு, அதான் ஏன்னு, துரையம்மா ஒரு கேள்வி கேட்டா. துரை பதிலே சொல்லல." ஐசம் கையிலிருந்த விறகைக் கீழே போடுகிறான். "அட மக்கு அக்கா, அது கேள்வி இல்ல, எழுத்து! ஸ்டே! உன் மக இங்கேயேதான் இருக்கப்போறா!"

சிரிப்புச் சத்தம் வராந்தாவை எட்டக்கூடாது. டார்கஸ் துவைக்கும் கட்டையைத் தூக்கி ஈர விரிப்பை ஓங்கி ஓங்கி அடிக்கிறாள். சோப்பு நுரை வெயிலில் சிதறி மின்னுகிறது. "ஏன்டி இந்த அடி அடிக்கிறே?" என்று துரையம்மாவின் குரல் வருகிறது. "அழுக்குங்கம்மா! அப்படி ஒரு அழுக்கு!" காயும் விரிப்புக்குப் பின்னால் மிமாவின் சின்ன நிழல் ஒவ்வோர் அடிக்கும் ஒரு குதி குதிக்கிறது.