சபாபதியின் எடை

“பதினேழு பவுண்டு. ரெண்டரையால வகுத்தா ஆறு கிலோ எண்ணூறு,” என்று சொல்லிக்கொண்டே அட்டையில் எழுதினார் நர்ஸ் மலிகா.

“ரெண்டரையால ஏன் வகுக்கறீங்க?” என்றேன்.

என் அக்கா ஞானாம்பாள் என் முழங்கையைக் கிள்ளினாள். தராசிலிருந்து இறக்கிய அவள் பிள்ளை, ஒன்றரை வயது சபாபதி, அவள் தோளில் இருமிக்கொண்டிருந்தான். கீரப்பாளையம் குழந்தைகள் நிலையத்தில் அன்று நாற்பது தாய்மார்கள் வரிசையில் இருந்தார்கள்.

“கிலோவுக்கு ரெண்டரை பவுண்டும்மா,” என்றார் நர்ஸ்.

“இல்லீங்க, ரெண்டு புள்ளி ரெண்டு. அதால வகுத்தா ஏழு கிலோ எழுநூறு வரணும். நான் சிதம்பரத்துல பி.எஸ்ஸி. கணக்குப் படிக்கிறேன்.”

“தெரியுது,” என்றார்.

தராசு வெள்ளைக்காரன் காலத்தது, பவுண்டுதான் காட்டும். சர்க்கார் கிலோவுக்கு மாறி இரண்டு வருஷம் ஆகிவிட்டதால் அட்டையில் கிலோதான் எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வகுத்தல். அதைக்கூடவா சரியாகச் செய்யக் கூடாது?

“தப்புன்னா ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். நீங்க போடறது எல்லாப் பிள்ளைக்கும் குறைஞ்சுதான் போகுது. அதோ எழுதியிருக்கே, பாருங்க.”

சுவரில் எழுதியிருந்தது: ‘இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை ஏழு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் மாதம் ஒரு டின் பால் பவுடர்.’

“அப்ப எம் புள்ளைக்கு டின்னு கெடையாதா?” அக்காவின் குரல் இறங்கிவிட்டது. அவளுக்குப் பால் வற்றி மூன்று மாதம். வீட்டில் மாடு இல்லை. சபாபதி கஞ்சித் தண்ணீரில் வளர்ந்துகொண்டிருந்தான்.

“கணக்குன்னா கணக்குதாங்கா.”

வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏம்மா காலேஜு, உங்க வூட்டுப் புள்ளைய வேணா நீ வகுத்துக்க. எங்க புள்ளைங்கள விட்டுடு.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“எனக்குக் கணக்கு சுமார்தாம்மா. எஸ்.எஸ்.எல்.சி.யில முப்பத்தஞ்சு மார்க்கு,” என்றார் நர்ஸ், அத்தனை பேர் எதிரிலும். ஆனால் அட்டையைத் திருத்தவில்லை. டின்னை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். சபாபதியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். உள்ளே போய் ஒரு குப்பி மருந்தோடு வந்தார்.

“காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. அஞ்சு நாள். குப்பியில ஒட்டியிருக்கற வெட்டுக்குக் கொறையாம ஊத்தணும், ஞாபகம் வச்சுக்க.”

அங்கேதான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பால் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, வயிற்றுக்குள்தான் போகும். மருந்து அப்படியா? அதை எடை பார்த்துத்தானே அளக்கிறார்கள்?

என்னை வழியனுப்ப அக்காவும் பிள்ளையோடு வந்து நின்றாள். சிதம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே நோட்டைப் பிரித்தேன்.

“என்னடி எழுதற?” என்றாள் அக்கா.

“கடலூர் சுகாதார ஆபீசுக்கு மனு. வகுக்கத் தெரியாதவங்க கையில மருந்து அலமாரிச் சாவி இருக்குன்னு. நீ அந்த மருந்தைப் பிள்ளைக்குக் குடுக்காத.”

“நாலு நாளா இருமறான்டி.”

“அதனாலதான் சொல்றேன். எடையில முக்கால் கிலோவுக்கு மேல குறைச்சிருக்காங்க. மருந்தும் அதே மாதிரி குறையும். அப்புறம் இருமல் எங்க நிக்கும்? குப்பியைக் குடு. எவ்வளவு குறைச்சலுன்னு மனுவுலயே போட்டுடறேன்.”

அக்கா மஞ்சள் பையிலிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

பத்து வேளைக்குப் பத்து வெட்டு வைத்த காகிதப் பட்டை, பசை காயாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு சீட்டு. குண்டு குண்டான நீல எழுத்து.

‘சபாபதி. 17 பவுண்டு ÷ 2.2 = 7.7 கிலோ. கிலோவுக்கு 1 மில்லி லிட்டர். வேளைக்கு 7.7. பத்து வேளைக்கு 77 மில்லி லிட்டர்.’

இரண்டு முறை படித்தேன். பிறகு பால் அட்டையைக் கேட்டு வாங்கினேன். அதே குண்டு எழுத்து, அதே நீல மை. ஆறு கிலோ எண்ணூறு.

ஒரே பிள்ளை. ஒரே தராசு. மருந்துக்கு ஒரு எடை, பாலுக்கு ஒரு எடை.

“எவ்வளவுடி கொறையுது?” அக்கா பயந்துபோய்க் கேட்டாள்.

“ஒரு சொட்டுகூடக் குறையலக்கா. தைரியமாக் குடு.”

முப்பத்தைந்து மார்க்கு என்று சொன்னபோது அந்தம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பஸ் வந்துகொண்டிருந்தது.

மனுத் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அவசர அவசரமாக எழுதினேன்: பதினாலு பவுண்டுக்கு ஐந்து கிலோ அறுநூறு, பதினைந்துக்கு ஆறு, பதினாறுக்கு ஆறு நானூறு...

“இன்னுமா அந்த மனுவ எழுதற?”

“மனு இல்லக்கா. நர்சம்மாகிட்ட குடுத்துடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டரையால வகுத்துக்கிட்டு உக்கார வேணாம். இதைப் பார்த்தே எழுதிடலாம்.”