சடையப்பன் கொடுத்த விளக்குப் பொறி

ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத பக்கத்து வீட்டுச் சடையப்பன், வண்டு பிடிக்கும் விளக்குப் பொறியோடு வாசலில் வந்து நின்றதும் பவானி அசந்துபோனாள்.

"உங்க ரோஜாச் செடிய வண்டு திங்கறதப் பாக்கவே சங்கடமா இருக்குங்க. இத செடிகிட்டயே மாட்டுங்க."

அவர் போனதும் கணவன் ஜெயப்பிரகாஷிடம் கண் கலங்கினாள். "நாமதான் மாமா அவர தப்பா நெனச்சுட்டோம்."

மறுநாளே பொறி நிறைய வண்டுகள். தினமும் அள்ளிக் கொட்டினார்கள். ஆனாலும் ஒரே வாரத்தில் செடியில் முள் மட்டுமே மிஞ்சியது. சடையப்பன் வீட்டுச் செடிகளோ பளபளவென்று தழைத்திருந்தன.

மஞ்சக்குப்பத்துப் பூச்சிமருந்துக் கடையில் விசாரித்துவிட்டு, ஜெயப்பிரகாஷ் கொதிப்போடு திரும்பினான்.

"அந்த வெளிச்சம் தெருவுல இருக்கற வண்டையெல்லாம் இழுத்துட்டு வருமாம். பொறியில விழாதது பக்கத்துச் செடியத் தின்னுமாம். அதான் அந்தாளு நம்ம தலையில கட்டிட்டான்! கழட்டிக் குப்பையில போடு."

பவானி பொறியைக் கழற்றினாள். நன்றாகத் துடைத்து, கிஃப்ட் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?"

"ஞாயித்துக்கெழம செதம்பரத்துல உங்க தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசம். புதுசா ரோஜாத் தோட்டம் போட்டிருக்காளாம். வண்டு தின்னா பாக்கவே சங்கடமா இருக்குமில்ல மாமா?"