நிழல் விழுந்த வீடியோ

"இன்னாக்கா இது, மறுபடியும் உன் நிழல் விழுது!"

அன்புராஜ் கழியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டு, சிமென்ட் களத்தில் நீண்டு கிடந்த நிழலை முறைத்தான். ஜோஸ்பின் செல்போனைத் தாழ்த்தினாள். இது பதினாறாவது டேக்.

"வெயில் எனக்குப் பின்னால இருந்தாத்தாண்டா உன் மூஞ்சி தெரியும். அந்தப் பக்கம் போய் நின்னா நீயும் உன் கழியும் ஒரே கருப்பாத்தான் தெரிவீங்க. பரவாயில்லையா?"

"நிழல் விழாம எடுக்கா."

"அதுக்கு நான் பேயாத்தான் பொறந்திருக்கணும்."

கோவாவில் நடக்கும் கலைவிழாவுக்குச் சிலம்பக் குழு ஒன்று போகிறது. அதில் சேர மூன்று நிமிட வீடியோ அனுப்ப வேண்டும். வெட்டு ஒட்டு கூடாது, தலை முதல் கால் வரை தெரிய வேண்டும், இன்று மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அனுப்பிவிட்டு, பதிலே வராமல் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தவன் அன்புராஜ். இந்த முறையாவது தம்பி போய்விட வேண்டும் என்று ஜோஸ்பின் வேண்டாத மாதா இல்லை. இப்போது மணி ஐந்து இருபது.

இத்தனைக்கும் வீடியோ வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வில்லியனூர் ஸ்டுடியோ ஒன்றில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள். மேடையில் கொட்டாவி விட்ட எத்தனையோ மாப்பிள்ளைகளைப் புன்னகை மன்னர்களாக மாற்றிய புண்ணியம் அவளுக்கு உண்டு. தம்பியின் சிலம்ப வீடியோக்களையும் நான்கு வருடமாக அவள்தான் எடுத்து, ஒவ்வொரு அடியாக நிறுத்தி ஓட்டிப் பார்த்து, பாட்டுச் சேர்த்து யூடியூபில் ஏற்றுகிறாள். கழியை மட்டும் ஒரு நாளும் தொட்டதில்லை.

"எடுத்தப்புறம் நிழலை அழிச்சிட முடியாதா?" என்றான் அன்புராஜ்.

"வெட்டு ஒட்டு கூடாதுன்னு சொல்லியிருக்காங்க இல்ல? ஓரத்தைக் குறைச்சா நிழலோட சேர்ந்து உன் காலும் பூடும். வேணும்னா மேல ரோஜாப்பூ கொட்டி மறைக்கட்டா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து நடந்த கூத்து அப்படி. மூன்றாவது டேக்கில் ஆடு வந்து நடுவில் நின்றது. ஏழாவதில் கரும்பு டிராக்டர் குத்துப்பாட்டோடு கடந்து போனது. பதினொன்றாவதில் கழி கை நழுவி மோட்டார் கொட்டகையின் கூரையில் ஏறிக்கொண்டது. செலியமேடு ஊரே கூடி வேடிக்கை பார்க்காததுதான் குறை.

"சார்ஜ் ஆறு பர்சென்ட்தான் கீது. இதான் கடைசி. நிழலை நான் பாத்துக்கறேன், நீ ஆடு."

அன்புராஜ் தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தான். என்ன ஆனாலும் தன் நிழல் அவன் ஆட்டத்துக்குக் குறுக்கே விழக் கூடாது என்று ஜோஸ்பின் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் இடது பக்கம் வீசும்போது வலது பக்கம் நகர்ந்தாள். முன்னால் பாய்ந்தபோது பின்னால் போனாள். தரையில் ஓங்கி அடிப்பதற்குள் தோளை ஒடுக்கி விலகினாள். எடிட்டிங்கில் ஆயிரம் தடவை பார்த்த ஆட்டம், அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடம். நடுவில் ஒரு செருப்பு கழன்று எங்கோ போனது. செல்போன் மட்டும் ஆடவே இல்லை.

மூன்று நிமிடம் முடிந்ததும் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். அன்புராஜ் அபாரமாக ஆடியிருந்தான். ஆனால், அவன் முன்னால் அந்தப் பாழாய்ப்போன நிழலும் மூன்று நிமிடமும் அலைந்துகொண்டுதான் இருந்தது.

"பாக்கறவரு என்னைப் பாப்பாரா, உன் நிழலைப் பாப்பாரா?" என்றான், முகம் தொங்கிப்போய்.

வேறு வழியில்லை. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அதையே அனுப்பினார்கள். ஜோஸ்பினுக்கு மனசே ஆறவில்லை. பாவி, நானே கெடுத்துட்டேனே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நேரம், அன்புராஜின் போன் அடித்தது. குழுவுக்கு ஆள் எடுக்கும் செல்லப்பன் மாஸ்டர்! ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, வீடியோவுல ஒரு நிழல் விழுந்துக்கினே இருக்குதே, யாரு அது?"

அன்புராஜ் அக்காவைப் பார்த்த பார்வையில் அவள் எரிந்து போயிருக்க வேண்டும். போனைப் பிடுங்கினாள்.

"நாந்தான் சார், அவன் அக்கா. தப்பு என்னுது. அதுக்காவ அவனை ஒதுக்கிடாதீங்க சார். இன்னொரு வாட்டி நிழல் இல்லாம எடுத்து அனுப்பறேன்."

"நீ எத்தினி வருசமா கழி சுத்தறே?"

"ஐயோ, நான் தொட்டதே இல்ல சார். கேமரா புடிக்கறதோட சரி."

அன்புராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

"தனியா சுத்தறவங்க வீடியோ நாப்பது வந்துச்சும்மா. ஜோடியா மோதறதுக்குத்தான் ஆள் கிடைக்காம அல்லாடிக்கினு இருந்தேன்" என்றார் மாஸ்டர். "உன் தம்பி கழி அறுபத்தெட்டு தடவை அந்த நிழலைத் தேடிக்கினு வருது, ஒரு அடி கூட அது மேல படல. கோவாவுக்கு ரெண்டு டிக்கெட் போடச் சொல்லிட்டேன். கிளம்பறதுக்குள்ள நீயும் ஒரு கழி வாங்கிக்கம்மா."