ஆறாவது வாடிக்கையாளர்

“வணக்கம், உலகமெங்கும் இருக்கிற எங்கட உறவுகளே!” என்று தாட்சாயினி போனைப் பார்த்துக் கும்பிட்டபோது, உலகமெங்கும் பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஐந்து பேர் அவள் புருஷன் யோகலிங்கம்.

பாரிஸ் ரூபன், சூரிச் சுமித்திரா, ரொறன்ரோ அனோஜா, லண்டன் தங்கராசா, மெல்பேர்ண் சங்கிலி. ஐந்து பெயரில் ஐந்து பேஸ்புக் கணக்குத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பூப்படம் போட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியிலிருந்து கேள்வி கேட்பது அவன் வேலை. நாலு பேர் நிற்கிற கடைக்குத்தான் ஐந்தாவது ஆள் வரும் என்பது அவன் கணிப்பு.

மற்ற ஆறு பேரும் அவளுடைய ஊரான துணுக்காயிலேயே இருக்கிற சொந்தக்காரர். அவர்கள் அவள் விற்கிற மோர்மிளகாயைக் காசுக்கு வாங்குகிற ஆட்கள் இல்லை.

மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் லைவ். வெளிநாட்டிலிருந்து உண்மையான ஓடர் ஒன்றுகூட வரவில்லை. அவள் விட்டுவிட்டு வந்த கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில், நாளைக் காலை வந்தால் எடுப்போம், வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் ஒன்றும் சரிவராவிட்டால் விடிய ஐந்தரை பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போகவேண்டியதுதான்.

முதலில் எல்லாம் எழுதிவைத்த ஒழுங்கில் நடந்தது. பாரிஸ் ரூபன் விலை கேட்டார். சூரிச் சுமித்திரா, பார்சல் வந்துசேர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். விறாந்தை மேசையில் மிளகாய்த் தட்டை வைத்துக்கொண்டு அவள் இருவருக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள்.

பிறகு, எழுதிவைக்காத ஒன்று வந்தது.

‘மிளகாய் கறுத்துப்போய்க் கிடக்கே. வெயிலிலை காய விட்டனியளோ, அடுப்புக்கை போட்டனியளோ?’

பெயர், ஒஸ்லோ நல்லதம்பி.

பார், தன்னைக் கேளாமல் இந்த மனுசன் ஆறாவது பெயரிலும் கணக்குத் திறந்திருக்கிறார்! காலையில் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று முகத்தைச் சுளித்ததன் மிச்சம் இது.

“உங்களுக்குக் கண் தெரியேல்லையோ? மோரிலை ஊறி, வெயிலிலை காய்ஞ்சு, திரும்பவும் மோரிலை ஊறின மிளகாய். நீங்களும் முற்றத்திலை அஞ்சு நாள் கிடந்து பாருங்கோ, என்ன நிறத்திலை எழும்பிறியள் எண்டு!”

போன் திரையில் சிரிப்பு முகங்கள் கூட்டமாக மேலே பறந்தன. இப்போது பார்ப்பது முப்பத்திரண்டு பேர்.

‘பொரிச்சுக் கடிச்சுக் காட்டினால்தான் நம்புவன்.’

மேசையில் இருந்த சின்ன அடுப்பில் சட்டியை வைத்தாள், எண்ணெயை விட்டாள், பொரித்தாள், ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. காட்டிக்கொள்ளவில்லை.

‘முகத்தைப் பாத்தால் உறைப்புக் காணாது போல.’

அவ்வளவுதான்.

“ஆவெண்டு வாயைத் திறவுங்கோ, நாலைஞ்சைப் போட்டுவிடுறன். பிறகு கதைப்பம் உறைப்பைப் பற்றி! செய்து தந்தாலும் குறை, தராட்டியும் குறை. இரவைக்கு ஒண்டும் கிடையாது உங்களுக்கு, சொல்லிப்போட்டன். பச்சைத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படுங்கோ!”

யாரோ பகிர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நூற்றைம்பது பேர். ‘விடாதேங்கோ அக்கா!’ என்று வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை எழுதியது. ‘எங்கட வீட்டு ஆளுக்கும் ரெண்டு குடுங்கோ’ என்றது இன்னொன்று. தாட்சாயினிக்கு வாய் நன்றாக ஓடத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் படலை திறந்தது.

யோகலிங்கம். மடித்துக்கட்டிய சாரம், முழங்கால்வரை சேறு, கையில் அறுந்த கயிறு.

“மாடு அறுத்துக்கொண்டு ஓடிட்டுதப்பா. பின்கதவாலை ஓடிப்போய் முத்துலிங்கம் அண்ணையின்ர வயலுக்கை இப்பதான் பிடிச்சனான். போன் குசினிக்கை அப்பிடியே கிடக்கு” என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “ஏன், ஆரும் கேள்வி கேக்கேல்லையோ?”

கையில் கரண்டி, கரண்டியில் மிளகாய். தாட்சாயினி குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த ஒரேயொரு வெளிநாட்டு ஆள். அந்த மனுசனைத்தான் பச்சைத்தண்ணியோடு படுக்கச் சொல்லியிருக்கிறாள், நூற்றைம்பது பேருக்கு முன்னால்.

ஐந்தரை பஸ்ஸின் ஹோர்ன் இப்போதே காதில் கேட்டது. மன்னிப்புக் கேட்போம் என்று போனுக்குக் கிட்டக் குனிந்தாள்.

எழுத்து வந்தது.

‘தங்கச்சி, என்ர மனுசி போய்ச்சேந்து மூண்டு வருஷம். அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒருத்தர் என்னை ஏசினது. பன்ரெண்டு பக்கற் வேணும். ஒரேயடியா அனுப்பாதேங்கோ, மாதம் ஒண்டாய் அனுப்புங்கோ.’

கரண்டியைக் கீழே வைத்தாள். கேட்க நினைத்த மன்னிப்பை விழுங்கினாள். சேற்றோடு நின்ற புருஷனை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்தாள்.

“அப்ப விலாசம் எங்கை? அதையும் நான் ஒஸ்லோவுக்கு வந்துதான் எழுதோணுமோ?”