சேதாரம் இல்லாத தங்கம்

ஓரகத்தி இளவேனில் தங்கத் துகள் ஊசி போட்டுக்கொண்டு ரோஜா நிறத்தில் வந்து நின்ற நாளிலிருந்து பார்வதாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தில் கிடந்தாலாவது கழற்றி வைப்பாள். தோலுக்குள்ளேயே பத்துப் பவுன் மினுக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மறுவாரமே கிளினிக்கில் போய் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு துகள் மேலயும் கிளைகிளையா ஒரு மூலக்கூறு பூசுவோமுங்க. அதுதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பார்த்துக்கும். ஒட்டிட்டா சிவப்பு போயி நீலமாயிருமுங்க," என்றார் டாக்டர்.

"அதுவும் தங்கமுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அது சேதாரம். அதை எடுத்துட்டு அந்த எடைக்கும் தங்கமே போடுங்க."

மூன்று தலைமுறையாக நகைக்கடைக்காரர்களை அழவைத்த குடும்பம், டாக்டர் எம்மாத்திரம்?

காதுகுத்து விருந்தன்று துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பந்தியில் சிவப்பாக உட்கார்ந்தவள் எழுந்தபோது உச்சி முதல் பாதம் வரை நீலம். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாசலுக்கு நழுவியவளைச் சம்பந்தியம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது புது மாடலுங்களா? ஊர்ல ஒருத்தர்கிட்டயும் பார்த்ததில்லீங்களே."

பார்வதாம்பாள் முந்தானையை மெல்ல இறக்கினாள்.

"ஆமாங்க. கலப்பில்லாத தங்கம். பூச்சு போட்டாத்தான் சிவக்கும்."

பாயசக் கரண்டியோடு இளவேனில் கேட்டுக்கொண்டே நின்றாள். மறுநாள் கிளினிக் திறக்கும்போது வாசலில் அவள்தான் முதல் ஆள்.

"பூச்சை மட்டும் சுரண்டி எடுத்துருங்க டாக்டர்."