புதுத் தலை

"சக்கரவர்த்தி செத்த சேதி நேத்துப் பொழுது சாயத்தான் வந்துச்சு. இன்னிக்கு விடியறதுக்குள்ள புதுச் சக்கரவர்த்தியோட தலை எப்படிய்யா தயாராச்சு?"

ஊர்ச் சபைத் தலைவர் நியூமிசியஸ் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். சதுக்கத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அவர் சிலைக்கு முன்னால் கை உயர்த்தி, புதுச் சக்கரவர்த்திக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஊரே அதைத் திருப்பிச் சொல்லும்.

சிற்பி டெட்டியஸ் ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டான். "தாமதமாச்சுன்னா விடுவாங்களா ஐயா? போன தடவை பக்கத்து ஊர்ச் சிற்பியைக் கல்குவாரிக்கு அனுப்பிட்டாங்களே. அதான் கண்ணை மூடாம வேலை பார்த்தேன்."

அந்த மலையூரில் சக்கரவர்த்திக்கு இருந்தது ஒரே சிலை. கவசம், வாள், நீட்டிய வலக்கை என்று உடம்பு எப்போதும் அப்படியே நிற்கும். ஆள் மாறினால் கழுத்துக் குழியிலிருந்து தலையை மட்டும் கழற்றிவிட்டு வேறு பொருத்த வேண்டும். முன்பெல்லாம் அதற்கு அவசியம் வருவதே அபூர்வம். இந்த வருஷம் ரோமுக்கு என்ன பேய் பிடித்ததோ, வருஷம் பிறந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்றாவது சக்கரவர்த்தி. தலையில்லாத சிலைக்குத் துணி போர்த்தி எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் நியூமிசியஸ் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"என் காதுல பூ சுத்தாதே. எங்கப்பா தலையைச் செதுக்க நீ நாப்பது நாள் எடுத்த. அப்பவும் ஒரு காது பாக்கி."

"அந்தப் பளிங்கு கொஞ்சம் முரண்டு பண்ணுச்சுங்க."

"ஜனவரியிலயும் இப்படித்தான். சேதி வந்த மூணாம் நாள் தலையோட வந்து நின்ன. அப்ப கெட்டிக்காரன்னு நெனச்சேன். இப்ப அப்படித் தோணலை."

டெட்டியஸ் உளிகளைத் தோல்பையில் போட்டுக் கட்டத் தொடங்கினான். முடிச்சு விழவே இல்லை. நியூமிசியஸ் அதையும் கவனித்தார்.

"உன் மச்சினன் ரோம்ல அரண்மனைக் காவல்லதானே இருக்கான்?"

"வாசல்ல நிக்கிறவன் ஐயா. உள்ள நடக்கறது அவனுக்கு என்ன தெரியும்?"

"கடுதாசி போடுவானா?"

"அவன் அக்காவுக்கு, என் பொண்டாட்டிக்கு, எப்பவாவது போடுவான். பல்லு வலி, மழை, அவ்வளவுதான்."

நியூமிசியஸ் இன்னும் நெருங்கி வந்தார். "இங்க பாரு. தலை செதுக்க நாப்பது நாள் ஆகும். அப்போ யார் சாவாரு, யார் வருவாருன்னு நாப்பது நாளைக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிருக்கு. இதுக்குப் பேரு சதி. சேதி கொண்டு வந்த குதிரைக்காரன் சத்திரத்துலதான் இருக்கான். அவன் காதுல ஒரு வார்த்தை விழுந்தா உன்னைச் சிங்கத்துக்குப் போடுவாங்க. கூட நின்னு பேசினவன்னு என்னையும் சேர்த்துப் போடுவாங்க."

கூட்டத்தின் முன்வரிசையில் கால்வென்டியஸ் வந்து நின்றான். படையிலிருந்து ஓய்வு பெற்றவன், ஒரு கால் விந்தி நடப்பவன். சிலையை அண்ணாந்து பார்த்தவன் கண் கலங்கிவிட்டான்.

"ரைன் நதிக்கரையில இவருக்குக் கீழதான் ஏழு வருஷம் இருந்தேன். அதே மூக்கு, அதே தாடை. உரிச்சு வச்ச மாதிரி இருக்கு."

"கண்ணுல எவ்வளவு கருணை பாருங்க" என்றாள் பக்கத்திலிருந்த பால்காரி. "போனவன் மூஞ்சி இருக்கே, அப்பப்பா, பார்த்தாலே பால் திரிஞ்சிடும்."

நியூமிசியஸ் சிற்பியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? உரிச்சு வச்ச மாதிரி இருக்காம். நீ அவரைக் கண்ணால கண்டதே இல்லை. அப்போ யாரோ அவர் முகத்தை மெழுகுல அச்செடுத்து உனக்கு அனுப்பியிருக்கான். யாருய்யா அது?"

"மூணு பொம்பளைப் பிள்ளைங்களை வச்சிருக்கேனுங்க. நான் போய் அதெல்லாம் செய்வேனா?"

எக்காளம் ஊதியது. நியூமிசியஸுக்கு வேறு வழியில்லை. படியேறி நின்று, கை உயர்த்தி, சிலையின் முகத்தைப் பார்த்துச் சத்தியத்தைச் சொல்லி முடித்தார். ஊர் அதை வரிவரியாகத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, உயர்த்திய கையை இறக்காமல், பக்கத்தில் நின்ற டெட்டியஸிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"கடைசியா ஒரு வழி சொல்றேன். பழைய தலையை என் கண்ணு முன்னாடி உடைக்கணும்னு உத்தரவு. நேத்து அதைக் கழட்டிச் சாக்குல சுத்தி எடுத்துட்டுப் போனியே, கொண்டா. நீயே சம்மட்டியால போடு. அப்போ உன்னை நம்பறேன்."

டெட்டியஸ் தோல்பையை மார்போடு அணைத்துக்கொண்டு முழித்தான்.

"என்னய்யா முழிக்கிற? பதுக்கி வச்சிருக்கியா? போனவன் ஆளுங்க திரும்பி வந்தா தேவைப்படும்னா? அப்போ நீ ரெண்டு பக்கமும் ஆளு. இரு, சத்திரத்துக்குச் சொல்லி அனுப்பறேன்."

டெட்டியஸ் சட்டென்று அவர் காதருகே குனிந்தான்.

"அதை உடைக்க முடியாதுங்க ஐயா. நெத்தி முடியைக் கொஞ்சம் குறைச்சு, மூக்குல ரெண்டு தட்டுத் தட்டினேன், அவ்வளவுதான். மூணு பேருக்குமே ஒரே தலைதாங்க. நீங்க இப்ப சத்தியம் பண்ணினதும் அதைப் பார்த்துத்தான்."

நியூமிசியஸ் ஒருமுறை சிலையைப் பார்த்தார், ஒருமுறை ஊரைப் பார்த்தார். பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு உரக்க, "புதுச் சக்கரவர்த்தி நீடூழி வாழ்க" என்றார்.