நிம்மதித் திட்டம்

அமலி வேலை பார்த்த நிறுவனம் தொலைபேசி, செய்தி, சினிமா எல்லாவற்றையும் ஒரே சந்தாவில் தந்தது. துக்கச் செய்தி கேட்டவர்கள் வாரக்கணக்கில் எதையும் பார்ப்பதில்லை, பலர் சந்தாவையே நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். அதற்காக ஒரு திட்டமும் வகுத்தாள். வயதான சந்தாதாரர்களுக்கு வரும் அழைப்புகளை முதலில் நிறுவனத்தின் கணினி கேட்கும்; அழுகுரல் என்றால், அவர்கள் தாங்குவார்கள் என்று தோன்றும்வரை மணி அடிக்கவிடாமல் நிறுத்திவைக்கும். சந்தாவை விடுபவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அமலிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்த அப்பாவையும் அவரிடம் சொல்லாமலே அந்தத் திட்டத்தில் சேர்த்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் நண்பர் சூசையைப் பார்க்கத் திண்டுக்கல் போனார். மாலையில் திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"சூசை போய்ட்டான்மா. மாலை போட்ட படத்தைத்தான் பார்த்துட்டு வரேன்."

"எப்பப்பா?"

"போன மாசம். ஆஸ்பத்திரியில என் குரலைக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தானாம். அவன் சம்சாரம் அழுதுக்கிட்டே திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கு. எனக்கு ஒரு தடவைகூட மணி அடிக்கலையே! நான் வேணும்னே எடுக்கலைன்னு நினைச்சுக்கிட்டே கண்ணை மூடியிருக்கான்."

அமலி அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அதை நிறுத்தினது எங்க கம்பெனி. திட்டம் என்னோடது."

அவர் கோபப்படவில்லை.

"அன்னைக்கு நான் இங்கதான் கிரிக்கெட் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பேன், இல்லம்மா?" என்று கேட்டார்.